துண்டுக்கடியில் விலை: பேரக் காட்சியைப் படமாக்கத் திட்டமிடுவது எப்படி?

குறும்படத்துக்குப் பேரக் காட்சி எழுதும் மாணவர்கள் பெரும்பாலும் வசனத்தில்தான் உழைக்கிறார்கள். "அம்பது", "நாப்பது", "சரி, நாப்பத்தஞ்சு" என்று இரண்டு பேர் சொல்ல, கேமராவும் பேசுகிறவர் முகத்துக்கு மாறி மாறிப் போகும். பார்க்கிறவருக்குத் தொகை புரியும். அது யாருக்கு எங்கே வலிக்கிறது என்று புரியாது. அந்த வலியைத்தான் நாம் எடுக்க வேண்டும்.

அதைப் பழக மாட்டுச் சந்தையை விட நல்ல களம் கிடையாது. பொள்ளாச்சி மாதிரியான கொங்குச் சந்தைகளில் தரகர் கையைத் துண்டால் மூடி, விரலைப் பிடித்தே விலை பேசுவார். எத்தனை விரல் பிடிபடுகிறதோ அதுதான் எண். ஆயிரமா, பத்தாயிரமா என்பது மாட்டைப் பார்த்தவர்களுக்கே தெரியும். சுற்றி நிற்பவர்களுக்குத் தொகை தெரியாது. வாயால் விலை சொல்லாத பேரம் என்பதால், வசனத்தைப் பிடித்துக்கொண்டு தப்பிக்க இயக்குநருக்கு வழியில்லை.

1. முதலில் தொகைகளை எழுதுங்கள்

ஷாட் டிவிஷனை, அதாவது காட்சியை எந்தெந்த ஷாட்டாகப் பிரித்து எடுப்பது என்ற பட்டியலை, இப்போதே தொடாதீர்கள். ஒரு தாளில் ஒவ்வொருவருக்கும் இரண்டு தொகை எழுதுங்கள்: ஆரம்பிப்பது எவ்வளவு, அதைத் தாண்டி விட்டுக்கொடுக்க முடியாத எல்லை எவ்வளவு.

விற்பவர் கேட்பது 60,000. கூட்டுறவுச் சங்கத்தில் அடகு வைத்த நகை ஏலத்துக்குப் போகும் முன் மீட்க 48,000 வேண்டும். அதற்குக் குறைந்தால் விற்றும் பயனில்லை. வாங்குபவர் ஆரம்பிப்பது 40,000. மடியில் இருப்பது 52,000. இந்த 48-க்கும் 52-க்கும் நடுவில்தான் வியாபாரம் முடியும். தரகருக்கு இன்றைக்கே முடிந்தாக வேண்டும், அவருடைய தரகுப் பணம் அதில் இருக்கிறது.

நகை விஷயம் பார்வையாளருக்கு முன்காட்சியிலேயே தெரிந்திருக்கட்டும். தெரிந்தால், விற்பவர் "கட்டுபடி ஆகாதுங்க" என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்ளும். அதேபோல் விரல் கணக்கையும் முன்பே ஒருமுறை சொல்லிவிடுங்கள். தரகர் ஒரு சிறுவனுக்கு விளையாட்டாகக் காட்டினாலே போதும்.

2. திருப்பம் எந்த நொடியில்?

பேரத்தில் ஒருவர் உள்ளுக்குள் விட்டுக்கொடுக்கும் நொடி ஒன்று உண்டு. அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நம் காட்சியில் தரகர் முதல் முறை விரலைப் பிடித்ததும் விற்பவர் வெடுக்கென்று கையை உருவிக்கொள்கிறார். இரண்டாவது முறை உருவுகிறார், ஆனால் மெதுவாக. மூன்றாவது முறை கை துண்டுக்குள்ளேயே இருந்துவிடுகிறது. அதுதான் திருப்பம். அதற்கு முன்னால் எந்த முகத்துக்கும் டைட் க்ளோஸ்-அப் வைக்காதீர்கள். முன்பே செலவழித்துவிட்டால் அந்த நொடிக்குக் கொடுக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

3. மேலிருந்து பார்ப்பது போல் வரைபடம்

விற்பவர் இடது பக்கம், வாங்குபவர் வலது பக்கம், மாடு விற்பவருக்குப் பின்னால். அவருடைய ஃபிரேமில் மாடு எப்போதும் தெரிய வேண்டும். அவர் இழக்கப்போவது அதைத்தானே. இருவரையும் இணைத்து ஒரு கோடு போடுங்கள். கேமரா அந்தக் கோட்டின் ஒரே பக்கத்தில் இருக்கும்வரை விற்பவரின் லுக் வலப்பக்கமும் வாங்குபவரின் லுக் இடப்பக்கமும் இருக்கும். வெட்டி ஒட்டும்போது ஒருவரையொருவர் பார்ப்பது போலவே அமையும்.

புதியவர்கள் தடுமாறுவது மூன்றாவது ஆளிடம்தான். தரகர் வாங்குபவரிடம் போய் நின்றதும் அவர்கள் இருவருக்கும் இடையில் ஒரு புதுக் கோடு உருவாகிவிடுகிறது. அவர் நடந்து போவதை மாஸ்டர் ஷாட்டிலேயே (எல்லோரும் தெரியும்படி முழுக் காட்சியையும் எடுக்கும் அகன்ற ஷாட்) முழுசாகக் காட்டிவிட்டு, அதன்பிறகு அருகில் போங்கள். கண்ணெதிரே நடந்ததால் பார்வையாளருக்கு திசை குழம்பாது.

4. ஷாட் டிவிஷன்

மாஸ்டர் ஷாட்டுக்கு 35 எம்.எம். லென்ஸ் போதும். அடுத்து 50 எம்.எம். லென்ஸில் இருவருக்கும் சஜஷன் ஷாட்: ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவர் முகம். எதிராளியின் தோள் ஃபிரேமில் இருக்கும்வரை அங்கே ஒரு அழுத்தம் இருந்துகொண்டே இருக்கும். திருப்பம் வந்ததும் இன்னும் நெருக்கமாகக் காட்டும் 85 எம்.எம். லென்ஸுக்கு மாறி, சஜஷன் இல்லாமல் விற்பவரை மட்டும் எடுங்கள். திடீரென்று அவர் தனியாகிவிடுவார். வாங்குபவருக்கு அந்த அளவுக்கு நெருக்கமான ஷாட் வேண்டாம் என்பது என் கருத்து.

துண்டுக்குள்ளே விரல்களைக் காட்டலாமா? பலருக்கும் ஆசை வரும். காட்ட வேண்டாம். துண்டின் மேற்புறம் புடைப்பதும், துணி இழுபடுவதும், விற்பவரின் முழங்கை இறுகுவதும் போதும். உள்ளே என்ன நடக்கிறது என்பதைப் பார்வையாளர் முகத்தில் தேடட்டும்.

5. படப்பிடிப்பு நாள்

நிஜச் சந்தைக்குள் நடிகர்களை நிறுத்தி எடுப்பது மாணவக் குழுவுக்குக் கஷ்டம். ஊருக்கு வெளியே ஒரு புளியமரத்தடி போதும். மாட்டை நிழலில் கட்டுங்கள், முன்னால் வைக்கோலும் தண்ணீரும் இருக்கட்டும். அசை போட்டுக்கொண்டிருந்தால் கன்டினியூட்டி (ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது) தொல்லையும் குறையும். தணிக்கைச் சான்றிதழ் வாங்கி வெளியிடுவதாக இருந்தால், இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அனுமதியைப் படப்பிடிப்புக்கு முன்பே வாங்கிவிட வேண்டும்.

காலை ஏழு மணிக்கு மாஸ்டர். அடுத்து விற்பவர் பக்க ஷாட்டுகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடியுங்கள். நடிகர் சோர்வதற்குள் அந்த க்ளோஸ்-அப் கிடைத்தாக வேண்டும். பிறகு வாங்குபவர், தரகர், கடைசியில் துண்டு, மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பது, அச்சாரப் பணம் கை மாறுவது. வெயில் ஏறினால் நிழல் பக்கத்து முகத்துக்கு வெளிச்சத்தைத் திருப்பி அடிக்க ஒரு வெள்ளைத் தெர்மோகோல் பிடித்தால் சமாளிக்கலாம். கேமராவின் ஷட்டர் வேகம் 1/50 நொடியில் இருக்கட்டும்.

ஒவ்வொரு ஷாட்டையும் காட்சியின் தொடக்கம் முதல் முடிவு வரை ஓடவிடுங்கள். எதிராளி பேசும்போதும் கேட்பவர் முகம் பதிவாக வேண்டும். எடிட்டிங்கில் உங்களைக் காப்பாற்றுவது அந்த முகங்கள்தான்.

ஒலிக்கு மட்டும் நிஜச் சந்தைக்குப் போங்கள். மணிச் சத்தம், தரகர்களின் கூச்சல், லாரியில் மாடு ஏற்றும் சத்தம் என்று தனித்தனியாகச் சில நிமிடங்கள் பதிவுசெய்து வையுங்கள். கை உருவப்படாத அந்த ஷாட்டில் இதில் எதைக் குறைப்பது, எதை விட்டுவைப்பது என்பதை எடிட்டிங் மேசையில் கேட்டுப் பார்த்து முடிவு செய்யலாம்.