சிறு தீவின் மலையுச்சியிலிருந்து அமெச்சூர் வானொலி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெச்சூர் வானொலிக்காரர், அதாவது உரிமம் பெற்றுப் பொழுதுபோக்காகப் பிற நிலையங்களுடன் வானொலியில் தொடர்புகொள்பவர், பெருநிலப்பரப்பில் உள்ள ஒரு மலைமீது ஏறிய பிறகு, ஒரு கனெக்டரையோ மைக்கையோ மறந்துவந்தது தெரிந்தால், இறங்கிப் போய் எடுத்து வரலாம். இல்லையென்றால் மறுவாரம் வந்துகொள்ளலாம். சிறு தீவில் அதற்கு வழியில்லை. இறக்கிவிட்ட படகு போய்விட்டிருக்கும். அது திரும்பும் நேரம் காற்றையும் கடலையும் பொறுத்தது. ஆகவே, தீவின் உச்சியில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை கரையைவிட்டுக் கிளம்பும் முன்பே செய்யப்பட்டுவிட்டவை என்பதே என் கருத்து.

அவற்றுள் முதலாவது, தீவுக்குரிய விதிகளையும் உச்சிக்குரிய விதிகளையும் ஒன்றாக எண்ணிக்கொள்வது. தீவுகளுக்கு எண் கொடுக்கும் ஐயோட்டா திட்டத்தை ஜெஃப் வாட்ஸ் 1964இல் தொடங்கினார். மலையுச்சிகளுக்கான சோட்டா திட்டம் 2002 மார்ச் 2 அன்று பிரிட்டனில் தொடங்கியது. இரண்டும் தனித்தனியானவை. தீவில் ஒரு குன்று இருப்பதனாலேயே அதற்குச் சோட்டா எண் இருந்துவிடாது. சுற்றியுள்ள நிலத்திலிருந்து அது பொதுவாக 150 மீட்டராவது, சில இடங்களில் 100 மீட்டராவது, தனித்து உயர்ந்திருக்க வேண்டும். சோட்டாவில் புள்ளி பெற வேண்டுமானால் குறைந்தது நான்கு வெவ்வேறு நிலையங்களுடன் தொடர்பு கொள்ள வேண்டும். தரையிலுள்ள ரிப்பீட்டர் (சிக்னலை வாங்கி மறுபடி அனுப்பும் நிலையம்) வழியான தொடர்பு சேராது. எரிபொருள் ஜெனரேட்டருக்கும் அனுமதியில்லை. தீவின் உரிம அதிகாரமும் அழைப்புக்குறியின் (நிலையத்தை அடையாளம் காட்டும் எழுத்து-எண் பெயரின்) முன்னொட்டும் வேறாக இருக்கலாம் என்பதையும் புறப்படும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

இந்த விதிகளில் மிகுதியாக மீறப்படுவது உயர எல்லை. நிலையம், உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்கு மேல் கீழே இருக்கக்கூடாது. தீவின் உச்சியில் காற்று கடுமையாக வீசும்போது, பாறை மறைவைத் தேடிச் சற்று இறங்கி உட்காருவது இயல்பு. அந்தச் “சற்று” எத்தனை மீட்டர் என்பதில்தான் சிக்கல். பலர் படகுத்துறையிலேயே கைக்கடிகாரத்தின் உயரமானியைச் சுழியத்துக்குச் சரிசெய்துகொண்டு ஏறுகிறார்கள். அந்தக் கருவி அளப்பதோ காற்றழுத்தத்தை. கடல்மட்டத்தை ஒட்டிய உயரங்களில் ஒரு ஹெக்டோபாஸ்கல் மாற்றம் ஏறத்தாழ 8 மீட்டருக்குச் சமம். நாம் ஏறிக்கொண்டிருக்கும்போதே வானிலை மாறி அழுத்தம் 3 ஹெக்டோபாஸ்கல் குறைந்தால், ஓரடிகூட நகராமலே கருவி 25 மீட்டர் கூட்டிக்காட்டும், அதாவது அனுமதிக்கப்பட்ட எல்லை முழுவதும் அந்தப் பிழையிலேயே கரைந்துவிடும். உச்சியைத் தொட்டவுடன் வரைபடத்தில் அச்சிட்ட உயரத்துக்குக் கருவியை மறுபடி சரிசெய்துவிட்டு, அதன்பின் இறங்கி இடம் தேடுவதே சரியான முறை.

அடுத்தது, கையடக்க விஎச்எஃப் (ஏறத்தாழ நேர்கோட்டில் செல்லும் மீஉயர் அதிர்வெண் அலை) கருவி ஒன்றை மட்டும் நம்பிப் போவது. உயரத்தில் நின்றால் வெகுதொலைவு எட்டும் என்பது உண்மைதான். ஆயினும் 200 மீட்டர் உச்சியிலிருந்து ரேடியோ அடிவானம், அதாவது அந்த அலை நேராக எட்டும் எல்லை, சுமார் 58 கிலோமீட்டர். எதிர்முனையில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருப்பவருக்கு அது சுமார் 13 கிலோமீட்டர். இரண்டையும் கூட்டினால் 71. அந்த வட்டத்துக்குள் இருப்பது பெரும்பாலும் கடல் என்றால், நாள் முழுதும் அழைத்தாலும் பதில் சொல்ல ஆள் இருக்க மாட்டார்கள். வெப்பமான, அமைதியான நாட்களில் கடல்மேல் அலைகள் வளைந்து வெகுதூரம் போவதுண்டு. அதை வாய்ப்பாகக் கொள்ளலாமேயன்றி, நான்கு தொடர்புகளுக்கான திட்டமாகக் கொள்ளக்கூடாது. 7 அல்லது 14 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் எச்எஃப் (வானின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வெகுதொலைவு செல்லும் சிற்றலை) கருவியும் ஒரு கம்பி ஆன்டெனாவும் பையில் இருந்தே ஆக வேண்டும்.

அந்த ஆன்டெனாவைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது: சுற்றிலும் கடல் இருப்பதால் செங்குத்து ஆன்டெனா தானாகவே அற்புதமாக வேலை செய்யும் என்பது. உப்புநீர், காய்ந்த பாறையைவிடப் பல ஆயிரம் மடங்கு நன்றாக மின்சாரம் கடத்துவது உண்மை. அந்தப் பலன் முழுமையாகக் கிடைப்பது நீரோரத்தில் நிற்பவருக்கே. உச்சியில் நம் ஆன்டெனாவின் அடியில் இருப்பது பாறை; ரேடியல் கம்பிகளை (ஆன்டெனாவின் அடியிலிருந்து தரையில் பரப்பும் கம்பிகளை) போதிய அளவு விரிக்காவிட்டால் ஆற்றலில் பெரும்பகுதி அந்தப் பாறையைச் சூடாக்குவதிலேயே போய்விடும். நான் உச்சியில் தலைகீழ் ‘வி’ வடிவ டைபோலையே (நடுவில் இணைப்புள்ள இருகைக் கம்பி ஆன்டெனாவையே) விரும்புகிறேன். 14.2 மெகாஹெர்ட்ஸுக்கு ஏறத்தாழ 10 மீட்டர் கம்பி போதும், தரையை நம்ப வேண்டியதில்லை, சரிந்து இறங்கும் மலைச்சரிவும் அலையைத் தாழ்ந்த கோணத்தில் செலுத்த உதவுகிறது.

ஆன்டெனாக் கம்பியைத் தாங்கும் கம்பத்தை நிறுத்துவது தனிக் கலை. மொட்டைப் பாறையில் முளை இறங்காது. எனவே இழுகயிறுகளைப் பெரிய கற்களில் சுற்றிக் கட்டும் அளவுக்கு நீளமாகக் கொண்டுபோக வேண்டும். கார்பன் இழைக் கம்பம் மின்சாரம் கடத்துவதால் அதையொட்டிச் செல்லும் கம்பியின் ஒத்திசைவு குலையும். கண்ணாடி இழைக் கம்பமே நல்லது. ஒன்றுக்குள் ஒன்று செருகும் அந்தக் கம்பத்தைக் காற்று இடைவிடாமல் அதிரவைக்கும். இருபது நிமிடம் ஒழுங்காக நின்ற பிறகு, கம்பத்தின் ஒரு துண்டு “டக்” என்று நழுவ, மேலுள்ளவை ஒவ்வொன்றாக உள்ளே சரிந்து, கம்பி மடியில் வந்து விழும். இது எனக்கு நேர்ந்தபோது நான் ஒரு பலவீனமான நிலையத்தின் அழைப்புக்குறியைப் பாதி எழுதியிருந்தேன். மீதி எழுத்துகள் கிடைக்கவேயில்லை. அதன்பின், நிமிர்த்தும் முன் ஒவ்வொரு மூட்டிலும் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றாமல் விட்டதில்லை.

எடையைக் குறைக்க கருவியை ஆன்டெனாவுடன் இணைக்க ஆர்ஜி-174 போன்ற மெல்லிய கேபிளைக் கொண்டுபோவது எச்எஃப் அலைகளுக்குச் சரி. அதே கேபிளின் 10 மீட்டரை 145 மெகாஹெர்ட்ஸுக்குப் பயன்படுத்தினால் பாதிக்கு மேற்பட்ட ஆற்றல் வழியிலேயே போய்விடும். பேட்டரியிலும் ஒரு கண்ணி உண்டு: லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியின் மின்னழுத்தம் தீரும் தறுவாய் வரை 13 வோல்ட்டை ஒட்டியே நின்று, பிறகு சட்டென்று சரியும். எனவே வோல்ட்மீட்டரைப் பார்த்து மிச்சத்தைக் கணிக்க முடியாது. பயன்படுத்திய ஆம்பியர்-மணியைத்தான் கணக்கிட வேண்டும். நூறு வாட்டுக்கு ஆசைப்பட வேண்டியதும் இல்லை. ஐந்து வாட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு 13 டெசிபல், எதிர்முனை மீட்டரில் இரண்டு எஸ் அலகுக்கு (சிக்னல் வலிமையின் அளவு) சற்று மேல், அவ்வளவுதான்.

தீவில் அலைபேசிச் சிக்னல் இருக்கும் என்று எண்ணிக்கொள்வதும் தவறு. புறப்படும் முன்பே நேரத்தையும் அலைவரிசையையும் அறிவித்துவிட வேண்டும். முன்னறிவிப்பு இருந்தால், மோர்ஸில் அழைப்பவரைத் தானியங்கி பீக்கன் வலையமைப்பு (அழைப்புகளைத் தாமே கேட்டு இணையத்தில் பதியும் ஏற்பிகள்) கேட்டவுடன் மற்றவர்களுக்குத் தகவல் தானே போய்ச் சேரும். அறிவிப்பிலும் பதிவேட்டிலும் உலகப் பொது நேரமான யுடிசியே வேண்டும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு, வரிசையாக அழைப்புகள் வந்துகொண்டிருக்கும் மகிழ்ச்சியில் வானத்தைப் பார்க்காமல் இருப்பது. உச்சியில் கம்பம் நாட்டி, அதிலிருந்து வரும் கம்பியைக் கையருகே வைத்திருப்பவரை மின்னல் எளிதில் தேடிவரும். மின்னலுக்கும் இடிக்கும் இடையே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. அப்போது கருவியை மடித்துக்கொண்டிருப்பதுகூடத் தாமதம், கம்பத்தை விட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும். படகுக்கும் இதே கவனம் வேண்டும். ஏறுவதற்கு ஒரு மணி நேரம் ஆனதென்றால், இறங்கவும் அதே நேரத்தை ஒதுக்கி, கம்பியைச் சுருட்டிக் கட்ட மேலும் அரைமணி சேர்த்து, அந்தக் கணக்கின்படி கடைசித் தொடர்பின் நேரத்தைப் பதிவேட்டின் முதல் பக்கத்திலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.