நெல்லைல இருந்து துபாய்: எத்தன மணி நேரம் ஆகும்னு கணக்கு போடுறது எப்படி

துபாய்க்கு எவ்வளவு நேரம்னு கேட்டா எல்லாரும் நாலு மணி நேரம்னு சொல்லிருவாவ. அது பிளைட் நேரம் மட்டுந்தான், பாளையங்கோட்டை வீட்டு வாசல்ல இருந்து துபாய்ல தேராங்கிற ஏரியால இருக்க ரூம் வாசல் வரைக்கும்னா கணக்கே வேற. புள்ளைய முதல் தடவை அனுப்புறவங்க இத கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டு வச்சிக்கிடணும்.

இங்க கணக்கு, காருல திருவனந்தபுரம் ஏர்போர்ட் போயி அங்க இருந்து பிளைட் ஏறுறதுக்கு. முதல்ல வான்வழி தூரம். திருவனந்தபுரத்துல இருந்து துபாய் சுமாரா 2950 கிலோமீட்டர். வேற ஊருக்கு வேணும்னா கம்ப்யூட்டர்ல கூகுள் மேப்ஸ் திறந்து ரைட் கிளிக் பண்ணுனா தூரம் அளக்குற ஆப்ஷன் வரும். மணிக்கு 850 கிமீன்னு வச்சி வகுங்க, மூன்றரை மணி நேரம் வரும், ரன்வேக்கு ஊர்ந்து போறது ஏறுறது இறங்குறதுக்கு அரை மணி சேருங்க, நாலு. மேக்க போகும்போது எதிர்காத்து இருக்கும், குளிர்காலத்துல இன்னும் ஜாஸ்தி, அதனால டிக்கெட்ல நாலேகால்னு போட்டிருப்பாவ. வரும்போது அதே காத்து பின்னால தள்ளும், கொஞ்சம் சீக்கிரம் வந்திரலாம்.

அடுத்தது மணி. டிக்கெட்ல அந்தந்த ஊரு நேரந்தான் இருக்கும். துபாய் நம்மள விட ஒன்றரை மணி நேரம் பின்னால. காலைல 5:00க்கு கிளம்பி 7:45க்கு இறங்குதுன்னு போட்டிருந்தா ரெண்டே முக்கால் மணி நேரம்னு நெனச்சிராதீங்க, அது நாலேகால்.

தேதிய நல்லா பாத்துக்கிடுங்க, இதுல தான் நெறைய பேரு பிளைட்ட விடுறாவ. 15ஆம் தேதி 00:30ன்னு இருந்தா 14ஆம் தேதி ராத்திரியே ஏர்போர்ட்ல நிக்கணும், அதாவது 14ஆம் தேதி சாயங்காலமே வீட்ட விட்டு கிளம்பணும்.

இப்ப பின்னால இருந்து எண்ணுங்க. 5:00 பிளைட்டுக்கு 2:00க்கு ஏர்போர்ட். நாகர்கோவில் வரைக்கும் நாலு வழிச்சாலைல காரு பறக்கும், ஆரல்வாய்மொழி காத்தாடி எல்லாம் பாத்துக்கிட்டே போயிரலாம், ஆனா மார்த்தாண்டம் நெய்யாற்றின்கரைன்னு கடைத்தெரு வழியா தான் போகணும், பகல்னா அங்ஙனயே ஒரு மணி நேரம் போயிரும். டீ குடிக்கிறதயும் சேத்து நாலரை மணி நேரம் வைங்க, அப்ப முந்தின நாள் ராத்திரி 9:30க்கு கிளம்பணும். அங்க இறங்கி இமிக்ரேஷன், பெட்டி, டாக்சின்னு ஒன்னேகால் மணி நேரம். ஆக மொத்தம் 13 மணி நேரம், அதுல வானத்துல இருக்கது நாலேகால் தான். கடையநல்லூர், தென்காசி பக்கம்னா செங்கோட்டை ஆரியங்காவு வழி, ராத்திரி மலைப்பாதைங்கிறதால கூட நேரம் வச்சிக்கிடுங்க.

பக்கத்துல வாகைக்குளம், அதான் தூத்துக்குடி ஏர்போர்ட் இருக்கே, சென்னை போயி மாறுனா என்னன்னு கேப்பாவ. ரெண்டும் ஒரே டிக்கெட்டா இருந்தா சரி. தனித்தனின்னா சென்னைல பெட்டிய எடுத்து மறுபடி செக்-இன் போடணும், முதல் பிளைட் லேட் ஆச்சின்னா ரெண்டாவது டிக்கெட் காசு போச்சி, நடுவுல நாலு அஞ்சு மணி நேரமாவது விட்டு தான் போடணும்.

டிரைவர்ட்ட இண்டர்நேஷனல் டெர்மினல், சாக்கை பக்கம்னு தெளிவா சொல்லிருங்க, சங்குமுகம் பக்கம் இருக்கது வேற டெர்மினல், நடுவுல ரன்வே கிடக்கு, சுத்தி தான் வரணும். அப்புறம் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம் வருஷத்துக்கு ரெண்டு தடவை, ஐப்பசிலயும் பங்குனிலயும், ரன்வே வழியா கடலுக்கு போகும். அன்னைக்கு சாயங்காலம் சில மணி நேரம் பிளைட் எதுவும் கிடையாது, டைம் மாத்திருவாவ, அந்த மாசத்துல போறவங்க டிக்கெட் பத்தி வந்த மெசேஜ கிளம்புறதுக்கு முந்தின நாள் ஒருக்கா திறந்து பாத்துருங்க.