எஸ்இஓ மாநாட்டுக்குச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் தென்கடற்கரை நகரமான பிரைட்டனில், எஸ்இஓ (இணையதளங்களைத் தேடல் முடிவுகளில் முன்னுக்குக் கொண்டுவரும் பணி) துறையினருக்காக நடைபெறும் பிரைட்டன் எஸ்இஓ மாநாடு, 2010ஆம் ஆண்டில் ஒரு மதுக்கூடத்தின் மாடி அறையில் கூடிய சிறு சந்திப்பாகத் தொடங்கி, இன்று ஆயிரக்கணக்கானோர் திரளும் பெருநிகழ்வாக வளர்ந்திருக்கிறது. ஒரே நேரத்தில் பல அரங்குகளில் உரைகள் நடப்பதால், எதைக் கேட்பது, எதை விடுவது என்ற குழப்பம் முதல் காலையிலேயே தொடங்கிவிடும். முதன்முறை அங்கே சென்றபோது நோட்டுப் புத்தகம் நிறையக் குறிப்புகளோடு திரும்பினேன். அந்தக் குறிப்புகளை அப்படியே செயல்படுத்தியதால் நான் பொறுப்பேற்றிருந்த தளத்துக்கு ஏற்பட்ட பாதிப்பைச் சரிசெய்யப் பல வாரங்கள் பிடித்தன. குறிப்புகளில் பெரும்பாலானவை பிழையானவை அல்ல. அவை வேறொரு தளத்துக்காகச் சொல்லப்பட்டவை என்பதை நான் கவனிக்கவில்லை.

முதல் தவறு பயணத்துக்கு முன்பே நிகழ்கிறது. பேச்சாளரின் புகழையும் தலைப்பின் கவர்ச்சியையும் பார்த்து அரங்கைத் தேர்ந்தெடுக்கிறோம். பல லட்சம் பக்கங்கள் கொண்ட விற்பனைத் தளங்களுக்கான கிரால் பட்ஜெட் (ஒரு தளத்தில் எத்தனை பக்கங்களைக் கூகுள் வந்து படிக்கும் என்ற வரம்பு) பற்றிய உரையில், 300 பக்கத் தளத்தை நடத்தும் நான் உட்கார்ந்திருந்தேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே, தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்பதைக் காட்டும் கூகுளின் இலவசக் கருவியான சர்ச் கன்சோலைத் திறந்து, அதில் கிடைக்கும் 16 மாதத் தரவைப் பார்த்து, விடை தெரியாத மூன்று கேள்விகளை எழுதிக்கொண்டு போயிருந்தால், அந்த நேரத்தை உரிய அரங்கில் செலவிட்டிருப்பேன்.

இரண்டாவது தவறு, ஸ்லைடில் தெரியும் எண்ணை மட்டும் படம்பிடித்துக்கொண்டு, அந்த எண் பிறந்த சூழலை விட்டுவிடுவது. முதலிடங்களில் வரும் கட்டுரைகள் நீளமானவை என்று ஒரு வரைபடம் காட்டினால், உடனே எழுத்தாளர்களிடம் இரண்டாயிரம் சொல் கேட்கத் தோன்றும். ஆனால் சொல் எண்ணிக்கை தரவரிசைக்கான காரணி அல்ல என்று கூகுள் தரப்பினர் பலமுறை தெளிவுபடுத்தியிருக்கிறார்கள். ஒரு பொருளை முழுமையாக விளக்கும் கட்டுரை இயல்பாகவே நீளமாக இருக்கக்கூடும் என்பதும், பிற தளங்கள் அதற்கு இணைப்புக் கொடுப்பதும் அந்த வரைபடத்தில் தெரிவதில்லை. எந்தத் தளம், எந்த ஆண்டு, அதே காலத்தில் வேறு என்ன மாற்றினார்கள் ஆகிய மூன்றையும் எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டும். உரையில் அவை சொல்லப்படாவிட்டால், முடிந்ததும் பேச்சாளரிடம் நேரில் கேட்கலாம். பெரும்பாலோர் தயங்காமல் சொல்கிறார்கள்.

ஆண்டைக் கேட்பது இந்தத் துறையில் மிக முக்கியம். பக்கத்தின் நிரலுக்குள் தேடல் சொற்களைப் பட்டியலிடும் மெட்டா கீவேர்டு குறியைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009இலேயே அறிவித்துவிட்டது. இன்றும் அதை நிரப்பச் சொல்லும் பட்டியல்கள் கைமாறிக்கொண்டிருக்கின்றன. தொடர்பக்கங்களை இணைக்கும் குறிகளைத் தாங்கள் சில ஆண்டுகளாகவே பயன்படுத்தவில்லை என்று 2019 மார்ச்சில் கூகுள் தெரிவித்தபோது, அதுவரை அதைக் கவனமாகச் செய்துவந்த பலரும் அதிர்ந்தார்கள். தேடல் முடிவின் கீழே கேள்வி பதில்களைக் காட்டும் வசதி 2023 ஆகஸ்டில், நன்கறியப்பட்ட அரசு, சுகாதாரத் தளங்களுக்கு மட்டும் என்று சுருக்கப்பட்டது. பக்க வேகத்துக்கான அளவுகோல்களில் எஃப்ஐடி (பயனரின் முதல் சொடுக்குக்குப் பக்கம் வினையாற்றத் தொடங்கும் வரையிலான தாமதம்) நீங்கி, 2024 மார்ச் 12 முதல் ஐஎன்பி (வருகை முழுவதிலும் சொடுக்குகளுக்குப் பக்கம் பதிலளிக்கும் தாமதம்) அதன் இடத்துக்கு வந்தது. அது 200 மில்லி விநாடிக்குள் இருக்க வேண்டும். ஆகவே ஓராண்டுக்கு முந்தைய வெற்றிக் கதையைக்கூட, கூகுளின் இன்றைய ஆவணத்தோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

எல்லாவற்றிலும் பெரிய சேதத்தைத் தந்த தவறு, ஊர் திரும்பிய முதல் வாரத்திலேயே எல்லாவற்றையும் மாற்றியது. தலைப்புகள், உள் இணைப்புகள், பக்க வார்ப்பு (டெம்ப்ளேட்) ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால், டிராஃபிக் ஏறினாலும் இறங்கினாலும் காரணத்தைப் பிரித்தறிய முடியாது. அந்த நாட்களில் கூகுள் தன் தரவரிசை முறையைப் பெரிய அளவில் மாற்றும் மையப் புதுப்பிப்பும் சேர்ந்துகொண்டால் நிலைமை இன்னும் மோசமாகும்; 2024 மார்ச் 5 அன்று தொடங்கிய புதுப்பிப்பு முடிவதற்கு 45 நாட்கள் ஆயின.

அத்தோடு இன்னொரு சிக்கலையும் நானே உண்டாக்கினேன். நிறம், விலை போன்றவற்றால் வடிகட்டும்போது உருவாகும் பயனற்ற வடிகட்டிப் பக்கங்களைத் தேடலிலிருந்து அகற்ற, ஓர் உரையில் நோஇண்டெக்ஸ் குறியை (பக்கத்தைத் தேடலில் காட்ட வேண்டாம் என்று அதற்குள்ளேயே எழுதும் குறி) பரிந்துரைத்தார்கள். இன்னோர் உரையில், தேடுபொறிகள் எந்தப் பக்கங்களுக்குள் வரக்கூடாது என்று சொல்லும் ரோபோட்ஸ் கோப்பில் தடுக்கச் சொன்னார்கள். இரண்டையும் செய்தால் இரட்டைப் பாதுகாப்பு என்று நினைத்தேன். ரோபோட்ஸ் கோப்பில் தடுக்கப்பட்ட பக்கத்துக்குள் கூகுள் நுழையாது. நுழையாததால் உள்ளே இருக்கும் நோஇண்டெக்ஸ் குறியைப் படிக்கவும் முடியாது. வேறு பக்கங்களின் இணைப்பு வழியே முகவரியை அறிந்திருந்தால், விவரம் ஏதுமின்றி அதைத் தேடலில் காட்டவும்கூடும். எங்கள் பக்கங்களுக்கு அதுதான் நேர்ந்தது. தடையை நீக்கி, குறியை மட்டும் விட்டுவைத்த பிறகே அவை படிப்படியாக மறைந்தன. இரண்டு உரைகளும் தத்தம் அளவில் சரியானவையே.

இடைவேளையில் காதில் விழும் குறுக்குவழிகளில் எச்சரிக்கை வேண்டும். காலாவதியான டொமைனை (இணையதள முகவரியை) வாங்கி அதன் பழைய மதிப்பைப் பயன்படுத்திக்கொள்வது, பக்கங்களை மொத்தமாக உற்பத்தி செய்து குவிப்பது ஆகிய இரண்டையும் 2024 மார்ச்சில் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது. பணம் கொடுத்து இணைப்பு வாங்குவது அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே விதிமீறல். சொல்பவரின் தளம் இன்னும் பிடிபடவில்லை என்பது நமக்கு ஆதாரம் ஆகாது.

உரைகளுக்கே எல்லா நேரத்தையும் கொடுத்துவிட்டு, பக்கத்து இருக்கையில் இருப்பவரிடம் பேசாமல் வருவதும் இழப்புதான். மறுமுறை சென்றபோது நான் எடுத்துச் சென்ற கேள்விகளில் ஒன்று, ஒரு சொல் எத்தனை முறை தேடப்படுகிறது என்று மதிப்பிடும் கீவேர்டு கருவிகள் தமிழ்ச் சொற்களுக்குத் தேடல் அளவைப் பூஜ்யம் என்று காட்டும்போது எதை நம்பித் திட்டமிடுவது என்பது. தமிழர் ஒரே கேள்வியைத் தமிழ் எழுத்திலும், ஆங்கில எழுத்திலும், இரண்டும் கலந்தும் தட்டுகிறார்கள். எழுத்துக்கூட்டலும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. மேடையில் யாரும் இதைத் தொடவில்லை. காபி வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் வெல்ஷ் மொழித் தளம் ஒன்றைக் கவனித்துவந்தார். அவருக்கும் இதே சிக்கல். கருவியின் எண்ணை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொரு பக்கத்துக்கும் சர்ச் கன்சோலில் பதிவாகும் சொற்களை மாதந்தோறும் இறக்கி, எழுத்து வேறுபாடுகளை ஒரே வரியில் தொகுத்து, அதைக் கொண்டே அடுத்த கட்டுரைகளை முடிவுசெய்வதாகச் சொன்னார். அந்த மாதமே நானும் அப்படித் தொகுக்கத் தொடங்கினேன். அந்தத் தடவை வேறெதையும் நான் மாற்றவில்லை.