ரோப்ளாக்ஸ் ஸ்டூடியோ: ஸ்கிரிப்ட்டில் நிறம் தப்பிப்போகும் இடங்கள்

ரோப்ளாக்ஸ் கேம்களை உருவாக்கும் மென்பொருளான ஸ்டூடியோவில், நிறம் மாற்றும் ஸ்கிரிப்ட்டில் (நிரல்) தலைவலி தருபவை, அவுட்புட்டில் (செய்திகள் தோன்றும் சாளரம்) சிவப்பு எழுத்தில் பிழை காட்டாத தவறுகள்தான்.

முதலாவது, அளவுக் குழப்பம். நிறத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று எண்களாகக் குறிக்கும் மதிப்புதான் கலர்3. அதை உருவாக்கும் கலர்3.நியூ எடுத்துக்கொள்வது 0 முதல் 1 வரை, கலர்3.ஃப்ரம்ஆர்ஜிபி எடுப்பது 0 முதல் 255 வரை. கலர்3.நியூ(255, 0, 0) என்று எழுதினாலும் பார்ட் (கேமில் வைக்கும் கட்டை போன்ற பொருள்) சிவப்பாகவே வந்துவிடும், ஏனென்றால் 1-ஐத் தாண்டிய மதிப்பு 1-ஆக வெட்டப்படுகிறது. அதனால்தான் தப்பு கண்ணில் படுவதில்லை. அதே கையோடு ஆரஞ்சுக்கு (255, 170, 0) கொடுங்கள்: சிவப்பு, பச்சை இரண்டுமே 1-ஆக வெட்டப்பட்டு, பார்ட் மஞ்சளாக நிற்கும். தலைகீழாக, ஃப்ரம்ஆர்ஜிபிக்குள் (1, 0.5, 0) போட்டால் கிட்டத்தட்டக் கறுப்பு. நிறச் சக்கரக் கோணம், செறிவு, பிரகாசம் கொண்டு நிறம் சொல்லும் ஃப்ரம்ஹெச்எஸ்விக்கும் 0–1 தான். பச்சைக்கு 120 அல்ல, 120/360.

பெயர் சொல்லி நிறம் கொடுக்கும் பிரிக்கலரில், பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் பிழைச்செய்தி வராது, பேசாமல் 'மீடியம் ஸ்டோன் கிரே' வந்து உட்காரும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசமும் உண்டு. 'பிரைட் ரெட்' என்பதே (196, 40, 28) தான். முழுச் சிவப்பு வேண்டுமென்றால் 'ரியலி ரெட்'. புதிதாக எழுதுபவர்கள் பிரிக்கலரை விட்டுவிட்டு, பார்ட்டின் கலர் பண்பையே மாற்றுவது நல்லது.

பார்ட்.கலர்.ஆர் = 1 என்று ஒரு கூறை மட்டும் மாற்ற முடியாது; புதிய கலர்3 செய்து முழுதாகக் கொடுக்க வேண்டும். புகை, தீப்பொறி போன்றவற்றை வெளியிடும் பார்ட்டிகிள் எமிட்டருக்குக் கலர்3 போதாது, கலர்சீக்வென்ஸ் (நிறங்களின் வரிசை) வேண்டும். இரண்டும் பிழையாகவே காட்டிவிடும், பாதகமில்லை.

பல பார்ட்களைச் சேர்த்த தொகுப்பான மாடலுக்குக் கலர் என்ற பண்பே கிடையாது. கெட்டிசென்டன்ட்ஸ் கொண்டு உள்ளே உள்ளவற்றைச் சுற்றிவந்து, பேஸ்பார்ட்டா (பார்ட் வகைப் பொருளா) என்று ஐஸ்ஏ-யால் பார்த்தபின் நிறம் கொடுங்கள். அப்படியும் யூனியன் (பல பார்ட்களை ஒன்றாக இணைத்த வடிவம்) மட்டும் மாறவில்லையா? அதன் யூஸ்பார்ட்கலர் அணைந்திருக்கும். மெஷ்பார்ட் (3டி வடிவக் கோப்பிலிருந்து வந்த பொருள்) என்றால், மேலே ஒட்டிய டெக்ஸ்ச்சர் (மேற்பரப்புப் படம்) நிறத்தை மூடியிருக்கும்.

ஆட்டக்காரரின் சாதனத்தில் ஓடும் லோக்கல்ஸ்கிரிப்ட்டில் மாற்றிய நிறம் அந்த ஒரு ஆட்டக்காரரின் திரையில் மட்டுமே தெரியும். தனியாகச் சோதிக்கையில் எல்லாம் சரியாகத் தோன்றும். இரண்டு பேரை வைத்து லோக்கல் சர்வர் சோதனை ஓட்டினால்தான் குட்டு வெளிப்படும். எல்லோருக்கும் தெரிய வேண்டுமென்றால், ரிமோட்ஈவன்ட் (ஆட்டக்காரரின் சாதனத்துக்கும் சர்வருக்கும் இடையே செய்தி அனுப்பும் பொருள்) வழியாகச் சர்வரிடம் சொல்லி அங்கே மாற்ற வேண்டும். வந்த மதிப்பு கலர்3 தானா, அந்தப் பொருளை மாற்ற, செய்தி அனுப்பிய ஆட்டக்காரருக்கு உரிமை உண்டா என்ற இரண்டையும் சர்வரிலேயே பாருங்கள். இல்லாவிட்டால் ஏமாற்று ஸ்கிரிப்ட் வைத்திருக்கும் எவரும் உங்கள் மேப் முழுவதற்கும் வெள்ளையடித்துவிட்டுப் போகலாம்.