ஜிக்கில் ஏறியது எந்த மீன்? வாலடியிலிருந்து தொடங்கி இனம் காணும் முறை

பவானிசாகரிலும் மேட்டூரிலும் தூண்டில் போட்டுப் பழகியவர்களுக்கு மீன் தண்ணீருக்கு மேலே வந்ததுமே பேர் தெரிந்துவிடும். கட்லா, ரோகு, மிர்கால், ஜிலேபி, கெளுத்தி, விரால் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். கடலில் அந்தக் கணக்கு செல்லாது. கொச்சிக்கோ தூத்துக்குடிக்கோ போய், ஒரே இடத்தில் ஒரே 60 கிராம் ஜிக்கை (மீன்போல ஆட்டிக் காட்டும் உலோகப் போலி இரை) இறக்கினாலும் அடுத்தடுத்து வரும் ஐந்து மீன் ஐந்து குடும்பத்தைச் சேர்ந்ததாக இருக்கலாம்.

பேரை நம்பினால் குழப்பம் இன்னும் கூடும். கோவைக் கடையில் வஞ்சிரம் என்பது பாலக்காடு தாண்டினால் நெய்மீன், கோழிக்கோட்டுப் பக்கம் அயக்கூறா, தூத்துக்குடிப் பக்கம் சீலா. அதே சீலா என்ற பேரைச் சென்னையில் சொன்னால் பாரகுடாவை எடுத்து வைப்பார்கள். தெற்கே அதற்குப் பேர் ஊளி. கானாங்கெளுத்தி கெளுத்தியே அல்ல, அது அயிலை. கடல் விராலுக்கும் நம்ம ஏரி விராலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆகவே படகுக்காரர் சொல்லும் பேரைக் குறித்துக்கொள்ளுங்க, ஆனால் அதோடு நிறுத்திவிடாதீங்க. மீன் உடம்பில் மாறாத அடையாளங்கள் இருக்கின்றன. அவற்றை எப்போதும் ஒரே வரிசையில் பார்க்கப் பழகினால் போதும்.

முதல் படி: கிளம்புவதற்கு முன்

எடுத்துப் போக வேண்டியவை அதிகம் இல்லை. அளவுக்கோடு போட்ட ஒரு மீட்டர் ரப்பர் பாய், நீள மூக்கு பிளையர், வாயைக் கவ்விப் பிடிக்கும் லிப் கிரிப், ரப்பர் பூசிய கையுறை, ஒரு பழைய துண்டு. துண்டை நனைத்து மீனின் கண்ணை மூடினால் பெரும்பாலும் துள்ளல் அடங்கும்.

பயிற்சிக்குக் கடலுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை. விடிகாலையில் கோவை உக்கடம் மீன் மார்க்கெட்டுக்குப் போங்க. வெட்டித் துண்டு போட்ட மீனில் படிக்க ஒன்றும் இல்லை. முழு மீனாகக் கிடக்கும் வஞ்சிரம், சூரை, பாரை, சங்கரா நான்கையும் தேடிப் பிடித்து, கடைக்காரரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொன்றின் வாலடியையும், அதாவது வாலுக்கு முன்னால் ஒடுங்கும் பகுதியையும், விரலால் தடவிப் பாருங்க. நாலைந்து தடவை போனால் கை பழகிவிடும்.

இரண்டாம் படி: தொடாமல் பார்ப்பது

படகில் ஏறிய மீனை உடனே கையால் பிடிப்பதுதான் புதியவர்கள் செய்யும் மிகப் பெரிய தப்பு. முதலில் இது எட்டி நிற்க வேண்டிய மீனா என்று பாருங்க. மீசை இருந்தால் கடல் கெளுத்தி. முதுகிலும் இரண்டு பக்கத் துடுப்பிலும் ரம்பப் பல் வைத்த விஷ முள் உண்டு. வாய் முயல் வாய்போலச் சிறுத்து, உடம்பு தட்டையாக இருந்தால் ஒரா. அதன் முதுகு, வயிறு, அடித் துடுப்பு (வயிற்றுக்குப் பின்னால், வாலுக்கு முன் கீழ்ப்பக்கம் இருப்பது) முட்கள் எல்லாமே விஷம். பாறையோரம் இழுத்தால் விசிறி விசிறியாகத் துடுப்பு விரிந்த சிங்கமீன் வரலாம். இந்த மூன்றுக்கும் பிளையரால்தான் கொக்கியைக் கழற்ற வேண்டும்.

முள் குத்திவிட்டால், கை பொறுக்கும் சூட்டில் உள்ள வெந்நீரில் குத்திய இடத்தை 30 முதல் 90 நிமிடம் வைக்க வேண்டும். சூடு 45 டிகிரியைத் தாண்டக் கூடாது. குத்துப்பட்ட கைக்குச் சூடு சரியாகத் தெரியாது, அதனால் நல்ல கையை விட்டுப் பார்த்துக்கொள்ளுங்க. பிறகு கட்டாயம் மருத்துவரிடம் காட்டுங்க.

அடுத்தது பேத்தை. ஜிக்கைத் துரத்திக் கடிக்கும், லீடரையும் (ஜிக்குக்கு முன்னால் கட்டும் தடித்த நரம்பு) நறுக்கிவிடும். பருத்த உடம்பு, சாதாரணச் செதில் கிடையாது, வயிற்றுத் துடுப்பு கிடையாது, மேலே இரண்டு கீழே இரண்டாகக் கிளி அலகு போன்ற நான்கு பல் தகடுகள். இதைச் சமைத்தாலும் வறுத்தாலும் விஷம் போகாது. யார் எந்தப் பக்குவம் சொன்னாலும் பேத்தையைச் சாப்பிடாதீங்க.

மூன்றாம் படி: ஒரு நிமிடத்துக்குள் படம்

நிறம் ஏமாற்றும். வஞ்சிரத்தின் பட்டைகள் செத்த கொஞ்ச நேரத்தில் மங்கிவிடும். பாரை சிலசமயம் கருத்துக் கிடக்கும், சிலசமயம் வெள்ளியாக மின்னும். அதனால் ஐஸ் பெட்டியில் போடும் முன்பே படம் எடுத்துவிடணும். பாயை நனைத்து, மீனின் தலை இடப்பக்கம் வரும்படி படுக்க வையுங்க. முதுகுத் துடுப்பையும் அடித் துடுப்பையும் ஒருவர் விரித்துப் பிடிக்க, இன்னொருவர் நேர் மேலிருந்து எடுக்கட்டும். சாய்த்து எடுத்தால் அளவும் உடம்பின் வாகும் தப்பாகிவிடும்.

முழுப் படம் ஒன்று. பிறகு வாலடி, தலையும் வாயும், நெஞ்சுப் பகுதி என மூன்று கிட்டப் படங்கள். நீளத்தை மூக்கு நுனியிலிருந்து வால் கவட்டை வரை, அதாவது வால் இரண்டாகப் பிரியும் நடு இடம் வரை, அளந்து, அது கவட்டை அளவுதான் என்றும் எழுதிக்கொள்ளுங்க. வால் நுனி வரை அளந்ததையும் கவட்டை வரை அளந்ததையும் கலந்துவிட்டால் ஒப்பிடவே முடியாது.

நான்காம் படி: வாலடி

முழு முறைக்கும் இதுதான் அச்சாணி. முதுகுத் துடுப்பு முடியும் இடத்திலிருந்து வால் வரை உள்ள ஒடுங்கிய பகுதியைப் பாருங்க. மேலும் கீழும் தனித்தனியாகக் குட்டித் துடுப்புகள் வரிசையாக இருந்தால் வஞ்சிரம், சூரை, அயிலைக் கூட்டம். பக்கவாட்டில் ரம்பம்போலக் கெட்டிச் செதில் வரிசை ஓடினால் பாரைக் கூட்டம். வால் பக்கமிருந்து தலைப்பக்கமாக விரலைத் தள்ளிப் பார்த்தால் நெருடும். இரண்டும் இல்லாவிட்டால் களவா, சங்கரா, விளமீன், ஊளி, கடல் விரால் போன்றவை.

இந்த விதி இரண்டு மீன்களில் இடறும். வங்கடைக்குக் குட்டித் துடுப்பும் உண்டு, நல்ல பெரிய ரம்பச் செதிலும் உண்டு; அயிலை என்று எண்ணிக் கையை ஓட்டினால் கிழித்துவிடும். அது பாரைக் குடும்பம். இன்னொன்று கட்டா. அதுவும் பாரைக் குடும்பம்தான், ஆனால் ரம்பச் செதில் கிடையாது; முதுகுத் துடுப்பின் பின்பாதி பிய்ந்து பிய்ந்து குட்டித் துடுப்புபோலத் தெரியும். வஞ்சிரம் என்று புதியவர்கள் எழுதி வைப்பதில் சில கட்டாவாக இருப்பதற்கு இதுவே காரணம். பக்கத்தில் வட்ட வட்டமாகப் பெரிய புள்ளிகள் ஒரே வரிசையில் 5 முதல் 8 வரை இருந்து, வாய் கண்ணைத் தாண்டிப் பின்னால் போயிருந்தால் பெரிய கட்டா. புள்ளி இரண்டு வரிசையாக இருந்தால் அது வேறு இனம். கட்டாவின் முதுகு முள்ளும் அடி முள்ளும் குத்தினால் கடுக்கும்.

ஐந்தாம் படி: குடும்பத்துக்குள் இறங்குவது

வஞ்சிரம் என்ற ஒரே பேரில் முக்கியமாக மூன்று இனம் விற்கிறது. பக்கக் கோட்டைப் பாருங்க, அதாவது செவுளிலிருந்து வால் வரை உடம்பில் ஓடும் மெல்லிய கோடு. இரண்டாம் முதுகுத் துடுப்பு முடியும் இடத்துக்குக் கீழே அது சட்டென்று கீழே இறங்கினால் பட்டை வஞ்சிரம், அறிவியல் பேர் ஸ்காம்பெரோமோரஸ் காமர்சன். உடம்பில் நெளிநெளியான குறுக்குப் பட்டைகள் இருக்கும். பெரிய மீனில் 40, 50 வரை, 45 சென்டிமீட்டருக்கு உட்பட்ட குட்டியில் 20-க்கும் குறைவு. குட்டியைப் பார்த்து வேறு இனம் என்று எண்ணிவிட வேண்டாம். கோடு சட்டென இறங்காமல் மெல்ல வளைந்து போய், பக்கத்தில் உருண்டைப் புள்ளிகள் வரிசையாக இருந்தால் புள்ளி வஞ்சிரம். புள்ளிக்குப் பதிலாகப் படுக்கைவாட்டில் விட்டுவிட்டுக் கோடு கிழித்ததுபோல் இருந்தால் மூன்றாவது இனம். பட்டையும் புள்ளியும் மங்கிப்போனாலும் பக்கக் கோடு அப்படியே இருக்கும், அதனால் அதை முதலில் பார்ப்பதுதான் நல்லது.

ஊளியை வஞ்சிரத்தோடு குழப்பிக்கொள்ள வேண்டியதே இல்லை. ஊளியின் இரண்டு முதுகுத் துடுப்பும் வெகு தூரம் தள்ளி நிற்கும், குட்டித் துடுப்பு கிடையாது, கீழ்த்தாடை முன்னே நீண்டிருக்கும், செதில் கண்ணுக்கு நன்றாகத் தெரியும்.

சூரையில் வயிற்றைத் திருப்பிப் பாருங்க. பக்கத் துடுப்புக்கும் வயிற்றுத் துடுப்புக்கும் நடுவே சில கரும்புள்ளிகள், முதுகின் பின்பகுதியில் சாய்வான நெளிகோடுகள் இருந்தால் நம் கரையோரச் சூரை. வயிற்றில் நீளவாட்டில் 4 முதல் 6 கருங்கோடுகள் ஓடினால் வரிச்சூரை. முதல் முதுகுத் துடுப்புக்கும் இரண்டாவதற்கும் நடுவே அகலமான வெற்றிடம் இருந்தால் இரண்டுமே இல்லை, ஆக்சிஸ் என்ற சிறு சூரை. இரண்டாம் முதுகுத் துடுப்பும் அடித் துடுப்பும் குட்டித் துடுப்புகளும் நல்ல மஞ்சளாக இருந்தால் மஞ்சள் துடுப்புச் சூரை.

பாரையில் நெஞ்சுதான் சாட்சி. வயிற்றுத் துடுப்புக்கு முன்னால் உள்ள நெஞ்சு செதிலில்லாமல் வழவழவென்று இருந்து, நடுவில் மட்டும் ஒரு சிறு செதில் திட்டு இருந்தால் பெரும்பாரை, ஜிக்காரர்கள் ஜிடி என்று ஆசையோடு சொல்வது. நெஞ்சு முழுக்கச் செதில் மூடி, இரண்டாம் முதுகுத் துடுப்பின் நுனி வெள்ளையாகவும், செவுள் மூடியின் மேல் ஓரத்தில் கண் பாப்பாவைவிடச் சின்னக் கரும்புள்ளியும் இருந்தால் பெருங்கண் பாரை. துடுப்பும் வாலும் பளிச்சென்ற நீலமாக இருந்தால் நீலத்துடுப்புப் பாரை. கிலோ கணக்கை வைத்து ஜிடி என்று முடிவு கட்டாதீங்க. குட்டி ஜிடியும் பெரிய பெருங்கண் பாரையும் ஒரே எடையில் வரும்.

அடித்தட்டு மீன்களில் சங்கராவா விளமீனா என்பதற்கு ஒரு கைப்பழக்கம் போதும். கண்ணுக்குக் கீழே கன்னத்தைத் தடவுங்க. செதில் இருந்தால் சங்கரா, செப்பிலிக் குடும்பம். செதிலே இல்லாமல் வழுக்கினால் விளமீன். மார்க்கெட்டில் சங்கரா என்று விற்கும் சின்னச் சிவப்பு மீனில் கிளிமீனும் கலந்திருக்கும். வாலின் மேல் நுனியில் மஞ்சள் நூல்போல நீண்டிருந்தால் அது கிளிமீன். களவாவுக்கு அகன்ற வாய், செவுள் மூடியின் பின்னோரத்தில் தட்டையான மூன்று முள், வால் பெரும்பாலும் விசிறிபோல வட்டம். கடல் விராலுக்குத் தட்டைத் தலை, முதுகுத் துடுப்புக்கு முன்னால் சவ்வில்லாமல் தனித்தனியாக நிற்கும் 6 முதல் 9 குட்டை முட்கள். தலைமேல் செருப்பு அடிபோல உறிஞ்சித் தட்டு இருந்தால் அது ஒட்டுமீன்.

சட்டமும் இங்கேதான் குறுக்கே வருகிறது. ராட்சதக் களவா 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள மீன். சிறு கண், வட்ட வால், துடுப்பெங்கும் கரும்புள்ளிகள், குட்டியாக இருந்தால் மஞ்சளில் கருந்திட்டுகள் என்று சந்தேகம் வந்தால் படகில் ஏற்றாமலே கொக்கியைக் கழற்றி விட்டுவிடுங்க. தூத்துக்குடிக்கும் ராமேஸ்வரத்துக்கும் நடுவே 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்கா இருக்கிறது. எல்லை எங்கே என்று ஜிக்கை இறக்கும் முன்பே படகுக்காரரிடம் கேட்டுக்கொள்ளுங்க.

இனம் தெரிந்தபின் ஐஸ்

சூரை, அயிலை, வஞ்சிரக் கூட்டம் என்று தெரிந்தால் நேரத்தை வீணாக்கக் கூடாது. வெயிலில் கிடந்தால் இவற்றின் சதையில் ஹிஸ்டமின் உருவாகும். உருவானபின் எவ்வளவு கொதிக்க வைத்தாலும் போகாது; சாப்பிட்டவருக்கு முகம் சிவந்து, தலைவலி, அரிப்பு வரும். கொச்சியிலிருந்து கோவைக்குச் சுமார் 190 கிலோமீட்டர். மீன் எடைக்குச் சமமான எடை ஐஸ் போட்டு, உருகிய தண்ணீர் வடிய வழிவிட்டுக் கொண்டுவாங்க.

இத்தனையும் பார்த்தும் இனம் தீரவில்லை என்றால், குறிப்பேட்டில் "பாரை, இனம் உறுதியில்லை" என்றே எழுதி, நான்கு படத்தோடு தேதி, இடம், ஆழம், ஜிக் எடை, கவட்டை நீளம் சேர்த்து வையுங்க. நெஞ்சுப் படம் ஒன்று தெளிவாக இருந்தால் விவரம் தெரிந்தவர் பிறகு பார்த்துச் சொல்லிவிடுவார்.