உருளைக்கிழங்குக்குச் சூடோமோனாஸ்: மாடித் தோட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமையலறை மூலையில் முளைவிட்டுக் கிடக்கும் உருளைக்கிழங்கை அப்படியே க்ரோ பேக்கில் புதைப்பதுதான் எங்கள் சென்னை வியாசர்பாடி மொட்டை மாடிகளில் வழக்கம். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பெரம்பூர் மார்க்கெட்டில் வாங்கிய கிழங்கு. தோலில் கறுப்பாகப் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. மண் என்று நினைத்துக் கழுவினேன், போகவில்லை. நகத்தால் சுரண்டினால்தான் பெயர்ந்தது. அது ரைசாக்டோனியா என்ற பூஞ்சை உறங்கும் முடிச்சு. கரும்பொருக்கு நோயைக் காசு கொடுத்து மாடிக்கு ஏற்றியிருக்கிறேன்! அந்தக் கிழங்கைத் தோல் சீவிக் குழம்பில் போடுங்கள், விதைக்கு வேண்டாம்.

அடுத்த தவறு, செடி வாடிய பிறகு சூடோமோனாஸ் தேடி ஓடுவது. பூஞ்சை நோயைத் தடுக்க உரக்கடையில் தூளாக விற்கும் நல்ல பாக்டீரியா அது. இந்தப் பாக்டீரியா முதலில் வேரில் குடியேற வேண்டும். பூஞ்சைக்குத் தேவையான இரும்புச்சத்தை முந்திக்கொண்டு பிடித்துவைக்கும், பூஞ்சையை அடக்கும் பொருள்களைச் சுரக்கும், செடியின் எதிர்ப்பையும் தட்டியெழுப்பும். மண்ணுக்குள் இருக்கும் தண்டைப் பூஞ்சை பழுப்பாக அரித்துச் சுற்றி வளைத்துவிட்டால், மேலே எத்தனை வாளி ஊற்றினாலும் பலனில்லை. நடுவதற்கு முன்பே கிலோவுக்கு 10 கிராம் தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்துக் கிழங்கில் தடவி, அரை மணி நேரம் நிழலில் உலர்த்துங்கள். கிழங்கை வெட்டி நடுபவர்கள், வெட்டுவாய் ஆற ஓரிரு நாள் விட்டு அப்புறம் தடவுங்கள். பையில் போடும் மக்கிய சாணி உரத்திலும் கொஞ்சம் கலந்துவிடுங்கள்.

ஒருமுறை உரக்கடையில் தேதி தாண்டிய பாக்கெட்டைக் கொடுத்தார்கள். கேட்டதற்கு, “தூள்தானே சார், கெட்டா போகும்?” என்றார் கடைக்காரர். கெட்டுத்தான் போகும். தூளுக்குள் இருப்பது உயிர். பேசில்லஸ் சப்டிலிஸ் என்ற இன்னொரு பாக்டீரியா வித்தாகச் சுருண்டு வெயிலையும் வறட்சியையும் ஓரளவு தாங்கும். சூடோமோனாஸுக்கு அந்த வித்தை தெரியாது. சில மாதங்களிலேயே எண்ணிக்கை சரிந்துவிடும். தயாரித்த தேதியையும், ஒரு கிராமில் குறைந்தது 10 கோடி என்ற கணக்கையும் பார்த்து வாங்குங்கள். வாங்கியதைத் தகரக் கூரைக்கு அடியில் வைக்காதீர்கள்.

கொதிக்கிற பாலில் உறை ஊற்றினால் தயிராகுமா? நண்பகல் வெயிலில் சுடும் பையில் இந்தத் தூளைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவதும் அப்படித்தான். சாயங்காலம், மண் ஈரமாக இருக்கும்போது ஊற்றுங்கள். மெட்ரோ வாட்டர் என்றால் குளோரின் இருக்கும்; ராத்திரி முழுக்க வாளியில் திறந்து வைத்துவிட்டு எடுங்கள். தண்டையார்பேட்டை, எண்ணூர் பக்கம் போர் தண்ணீர் உப்பு ஏறியது. உருளைக்கே அது ஆகாது. இரட்டைப் பாதுகாப்பு என்று காப்பர் ஆக்ஸிகுளோரைடு என்ற செம்புப் பூஞ்சைக்கொல்லியைக் கூடவே கலப்பவர்களும் உண்டு. செம்பு பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும்.

எல்லா வாட்டமும் பூஞ்சையால் வருவதில்லை. இலை பச்சையாக இருக்கும்போதே செடி திடீரெனத் தொங்கினால், அடித்தண்டை வெட்டிக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் தொங்கவிடுங்கள். வெட்டிய இடத்திலிருந்து பால் போல வெள்ளை இழை இறங்கினால் பாக்டீரியா வாடல். வேடிக்கை என்னவென்றால், அதற்குக் காரணமான ரால்ஸ்டோனியாவுக்கும் முன்பு சூடோமோனாஸ் என்றுதான் பெயர்! சூடோமோனாஸ் பாக்கெட்டை அதற்கு நம்பியிருக்காதீர்கள். செடியை மண்ணோடு அப்புறப்படுத்துங்கள்.

சரி, இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் கிழங்கு கொட்டுமா? இரவு வெப்பம் 20 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழோ இருந்தால்தான் உருளை நன்றாகக் கிழங்கு கட்டும். நமக்கு அது மார்கழி, தையில்தான் கிட்டத்தட்டக் கிடைக்கும். அதனால் பெருமழை ஓய்ந்ததும் கார்த்திகைக் கடைசியில் நடுகிறேன். போன தடவை பைக்குக் கால் கிலோகூடத் தேறவில்லை, பாதி கோலிக்குண்டு அளவு. தோலில் ஒரு கறுப்புப் பொட்டுகூட இல்லை.