எக்ஸ்ஐடி சூட்டுக்குறி: வரலாறு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

டெக்சஸின் பழைய மாட்டுப் பண்ணைகளைப் பற்றி எழுதுவோர், மாடு யாருடையது என்று காட்ட அதன் தோலில் இரும்பால் சுட்டுப் போடும் சூட்டுக்குறியை ஒரு விடுகதைபோல எடுத்துக்கொள்கிறார்கள். அது முதலில் ஒரு வேலைக் கருவி. இரும்பையும் தோலையும் பதிவேட்டையும் பார்த்த பிறகுதான் கதைக்கு வர வேண்டும்.

டெக்சஸின் பெரும் பண்ணைகளில் ஒன்றான எக்ஸ்ஐடி (XIT) விஷயத்தில் அதிகம் நடக்கும் தவறு, மூன்று எழுத்துக்கும் விரிவாக்கம் தேடுவது. ரோமன் எண்ணில் எக்ஸ் என்றால் பத்து, பண்ணை பரவியிருந்தது பத்து கவுண்டிகளில் (மாவட்டம் போன்ற பிரிவுகள்), ஆகவே ‘டெக்சஸில் பத்து’ (Ten in Texas) என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1885இல் மேலாளர் பி. எச். கேம்ப்பெலுக்குத் தேவைப்பட்டது திருடர்கள் எளிதில் மாற்ற முடியாத ஒரு குறி. பண்ணையின் பஃபலோ ஸ்பிரிங்சுக்கு முதல் மந்தையை ஓட்டிவந்த ஏப் பிளாக்கர், பூட்ஸ் குதிகாலால் மண்ணில் எக்ஸ்ஐடி என்று கீறிக் காட்டினார் என்பதே வழிவழியாக வரும் செய்தி. குறியின் அமைப்பும் இதற்குத்தான் ஒத்துப்போகிறது. எக்ஸுக்கு இரண்டு கோடு, ஐக்கு ஒன்று, டிக்கு இரண்டு. ஒரே நேர்ப்பட்டை இரும்பை ஐந்து முறை வைத்தால் வேலை முடிந்தது. ஒரே ஆண்டில் 35,000 கன்றுகளுக்குச் சூடு போட்ட பண்ணைக்கு இது சின்ன லாபமில்லை.

இதைச் சொன்னதும் ‘மாற்றவே முடியாத குறி’ என்று எழுதிவிடுவது எதிர்ப்பக்கத் தவறு. எக்ஸ்ஐடியை நட்சத்திரமும் சிலுவையுமாக மாற்றிய திருடனைப் பற்றியும் கதை உண்டு. சந்தேகம் வந்தால் முதலில் ரோமத்தைக் கத்தரித்துப் பார்ப்பார்கள். மாடு அறுக்கப்பட்டிருந்தால் தோலின் உட்புறத்தைப் பார்ப்பார்கள். பழைய வடுவும் புதிய வடுவும் அங்கே தனித்தனியாகத் தெரியும்.

பண்ணையை ஒரு வீரனின் சொத்தாக்குவதும் தவறு. டெக்சஸ் தலைநகர் ஆஸ்டினிலிருந்த பழைய தலைமைச் செயலகக் கட்டடம் 1881இல் எரிந்தது. புதியதைக் கட்டித் தருவதற்குக் கூலியாக, சிகாகோ முதலீட்டாளர் குழுவுக்கு மாநிலம் 30 லட்சம் ஏக்கர் கொடுத்தது. அந்த நிலத்தில் எழுந்ததுதான் இந்தப் பண்ணை. லண்டன் பணமும் அதில் புரண்டது. 1912இல் கடைசி மாடுகளும் விற்றுப்போயின. அதற்குப் பிந்தைய காலத்து எக்ஸ்ஐடி மந்தை என்று யாராவது படம் காட்டினால் நம்ப வேண்டாம்.

டெக்சஸின் இன்னொரு பெயர்பெற்ற பண்ணையான 6666ஐ, அதன் உரிமையாளர் பர்க் பர்னெட் சீட்டாட்டத்தில், கையில் நான்கு ஆறுகளோடு ஜெயித்தார் என்ற கதைக்கும் தேதிதான் மருந்து. 1868 வாக்கில் டென்டன் பகுதியில் அவர் விலைக்கு வாங்கிய சுமார் 100 மாடுகள் மீது அந்தக் குறி ஏற்கெனவே இருந்தது. பண்ணை அமைந்த கத்ரி ஊர்ப் பக்கத்து நிலம் கைக்கு வந்ததோ 1900 வாக்கில்.

சூடு போடும் முறையை எழுதும்போது செக்கச்செவேலென்ற இரும்பை வர்ணிக்காதீர்கள். சிவந்த இரும்பு ரோமத்தைப் பற்றவைத்து வடுவைக் கலைத்துவிடும். சாம்பல் நிறத்துக்கு வந்த இரும்பே சரி. மூன்று முதல் ஐந்து விநாடி போதும். தோல் புதுச் சேணத்தின் பழுப்புக்கு வந்ததும் எடுத்துவிட வேண்டும். ஈர மாட்டுக்குச் சூடு போட்டால் நீராவி பரவிக் கோடு மங்கும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் சூடு கூடிப் புண் அகலமாகும் என்பதால், ஒரே வார்ப்பாகச் செய்த குறி இரும்புகளில் அந்தச் சந்திப்பில் சிறு இடைவெளி விடுவார்கள்.

குறியை இடமிருந்து வலம், மேலிருந்து கீழ், வெளியிலிருந்து உள்ளே என்று படிக்க வேண்டும். உடலில் அது எங்கே இருக்கிறது என்பதையும் குறிக்காமல் விடக்கூடாது. இடது விலாவில் ஒருவருடையது, வலது தொடையில் வேறொருவருடையதாக இருக்கலாம். டெக்சஸில் பதிவு நடப்பது கவுண்டி எழுத்தர் அலுவலகத்தில், மாநிலம் முழுவதற்குமாக அல்ல. பத்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2011, 2021 என அடுத்தது 2031. ஆகவே ஒரே குறி இரண்டு கவுண்டிகளில் இரண்டு பேருக்குச் சொந்தமாக இருந்தால், யாரோ திருடிவிட்டார்கள் என்று முடிவுகட்டாமல் இரு அலுவலகப் பதிவேடுகளையும் புரட்டிப் பாருங்கள்.